முதல்ல ஸ்டாண்டு வாங்குங்க, அப்புறம் ஸ்பேர் வாங்கலாம்

1/
பத்து, பதினைந்து வருஷப் பழைய கார் வைத்திருக்கும் நண்பர்கள் பலர் இப்போது யூடியூப் பார்த்து, முன் சஸ்பென்ஷன் வேலையை வீட்டு வாசல்லயே செய்கிறார்கள். லோயர் ஆர்ம், பால் ஜாயிண்ட், லிங்க் ராட், ஷாக் அப்சார்பர் எல்லாமே ஆன்லைன்ல கிடைக்குது.

"இதுல டாக்டருக்கு என்ன வேலை?"ன்னு கேட்கலாம். கார் ஆள் மேல இறங்கினா அடுத்து கொண்டு வர்ற இடம் எங்க எமர்ஜென்சி வார்டுதானே!

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். தாராளமா செய்யுங்க. ஆனா ரெண்டு ஸ்டாண்டு இல்லாம ஆரம்பிக்காதீங்க. ஸ்ப்ரிங்கைப் பிரிக்கும் வேலையை மட்டும் வீட்டுல வேண்டவே வேண்டாம்.

2/
முன் சஸ்பென்ஷனை நம்ம மூட்டு மாதிரி நினைச்சுக்கோங்க.

பால் ஜாயிண்ட் என்பது இடுப்பு மூட்டு. ஒரு கிண்ணம், அதுக்குள்ள சுழலும் ஒரு பந்து. உள்ளே இருக்கும் கிரீஸ்தான் மூட்டுத் திரவம். மேலே இருக்கும் ரப்பர் உறை கிழிஞ்சா கிரீஸ் வெளியே போகும், மண்ணும் தண்ணியும் உள்ளே போகும். அப்புறம் தேய்மானம்தான்.

லோயர் ஆர்ம் புஷ் என்பது நம்ம குருத்தெலும்பு. ரப்பர் வெடிச்சா இரும்பும் இரும்பும் மோதும். ஸ்பீடு பிரேக்கர்ல வர்ற அந்த "டக் டக்" சத்தம் பல நேரம் அதுதான்.

3/
தேய்ஞ்சிருக்குன்னு எப்படித் தெரியும்?

- குண்டு குழியில் முன்பக்கம் லொடலொட சத்தம்
- டயர் ஒரு ஓரம் மட்டும் தேயறது
- ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்கறது
- ஷாக் அப்சார்பர் உடம்புல எண்ணெய் வடியறது
- பானெட் மூலையை அழுத்தி விட்டா வண்டி பலமுறை துள்ளறது

வீலைத் தூக்கி, மேலும் கீழும் பிடிச்சு ஆட்டினா ஆட்டம் இருக்கா? பால் ஜாயிண்ட் அல்லது வீல் பேரிங். இடமும் வலமும் பிடிச்சு ஆட்டினா ஆட்டமா? பெரும்பாலும் டை ராட் எண்ட்.

"சத்தம்தானே, ஓடற வரைக்கும் ஓடட்டும்"னு விடாதீங்க. பால் ஜாயிண்ட் கழண்டா அந்த வீல் மடங்கிக்கும், ஸ்டீயரிங் உங்க கையில இருக்காது. நெடுஞ்சாலையில் அது நடந்தா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்லை.

4/
இப்ப ஆபத்துக்கு வருவோம்.

டிக்கியில் இருக்கும் ஜாக்கி டயர் மாத்தறதுக்கு மட்டுமே கொடுத்தது. டயர் மாத்தும்போது உங்க உடம்பு வண்டிக்கு வெளியே இருக்கு. சஸ்பென்ஷன் வேலையில் தலையும் தோளும் உள்ளே போகுது.

அது மட்டும் இல்ல. துருப்பிடிச்ச போல்ட்டை நீளமான பைப் போட்டு இழுப்பீங்க, பால் ஜாயிண்ட்டைச் சுத்தியலால் தட்டுவீங்க. ஒவ்வொரு இழுப்புக்கும் வண்டி ஆடும். ஒல்லியான ஜாக்கி மெல்லச் சாயும். ஹைட்ராலிக் ஜாக்கியா? உள்ளே சீல் கசிஞ்சா அதுவும் இறங்கும்.

5/
சின்னக் கார்தானேன்னு நினைக்காதீங்க. அதுவே சுமார் 700 கிலோ. இன்ஜின் முன்னாடி இருப்பதால் பாதிக்கு மேல் எடை முன் வீல்களில்தான். ஒரு மூலை இறங்கினாலே 200 கிலோவுக்குக் குறையாது.

நெஞ்சு மேல அந்த எடை உட்கார்ந்தா, எலும்பு ஒண்ணுகூட உடையாமலே உயிர் போகலாம். காரணம் எளிது. நெஞ்சுக்கூடு விரிஞ்சாதான் மூச்சு உள்ளே வரும். விரிய இடம் இல்லைன்னா மூச்சு இல்லை. "காப்பாத்துங்க"ன்னு கத்தக்கூட காற்று இருக்காது. சில நிமிஷம் ஆக்சிஜன் இல்லைன்னா மூளை பாதிக்கத் தொடங்கிடும்.

அதனாலதான் இந்த வேலையைத் தனியா செய்யவே கூடாது. கூப்பிடும் தூரம் பத்தாது, பார்க்கும் தூரத்துல ஒரு ஆள் இருக்கணும்.

6/
கால் மட்டும் மாட்டினா?

நீண்ட நேரம் நசுங்கிய தசையில் இருந்து பொட்டாசியமும் மயோகுளோபினும் ரத்தத்துல கலக்கும். முன்னது இதயத்துடிப்பைக் குலைக்கும், பின்னது சிறுநீரகத்தை அடைக்கும். 1941ல் லண்டன் குண்டுவீச்சு இடிபாடுகளில் மீட்கப்பட்டவர்களிடம் பைவாட்டர்ஸ், பீல் என்ற இரண்டு மருத்துவர்கள் இதைத் தெளிவா பதிவு செஞ்சாங்க. வெளியே எடுக்கும்போது நல்லா பேசிக்கிட்டிருந்தவங்க, சில நாளில் சிறுநீரகம் செயலிழந்து இறந்தாங்க.

7/
சரி, எப்படிச் செய்யறது?

- சமமான கான்கிரீட் தரை. மண், சரிவு, வெயில்ல இளகின தார் வேண்டாம்.
- ஹேண்ட் பிரேக் போட்டு, பின் வீல்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்க.
- வீல் நட்டை வண்டி தரையில் இருக்கும்போதே தளர்த்துங்க.
- ஜாக்கியால் தூக்கி, ஓனர்ஸ் மேனுவலில் காட்டிய இடத்தில் ரெண்டு பக்கமும் ஸ்டாண்டு வச்சு, எடையை அதன் மேல இறக்குங்க.
- வெளியே நின்னு வண்டியை நல்லா ஆட்டிப் பாருங்க. அசையுதா? திரும்ப வைங்க.
- கழட்டின வீலை வண்டிக்கு அடியில் படுக்க வச்சிடுங்க. எல்லாம் கைவிட்டாலும் அது கொஞ்சம் இடம் விடும்.

செங்கல், ஹாலோ பிளாக்? கூடவே கூடாது. அது வளையாது, எச்சரிக்காது. ஒரே நொடியில் பொடியாகும்.

8/
அடுத்து ஸ்ப்ரிங்.

இங்கே ஓடும் பெரும்பாலான சின்னக் கார்களின் முன்பக்கம் இருப்பது மெக்ஃபர்சன் ஸ்ட்ரட். ஷாக் அப்சார்பரும் ஸ்ப்ரிங்கும் ஒரே கட்டா இருக்கும். பானெட்டைத் திறந்தா மேலே சுத்தியிருக்கும் நட்டுகளையும் கீழே பிடிச்சிருக்கும் போல்ட்டுகளையும் கழட்டினா முழு ஸ்ட்ரட்டும் வெளியே வரும். ஆனா நடுவில் ஒரு நட் இருக்கும். அதைக் கழட்டினா அடக்கி வச்ச ஸ்ப்ரிங் விடுபடும். அது தாடையிலோ கழுத்திலோ அடிச்சா, வந்து சேர்வதற்குள்ளேயே முடிஞ்சிடலாம்.

கயிறு, கம்பி போட்டு ஸ்ப்ரிங்கை அடக்கறதா காட்டும் வீடியோக்களை நம்பாதீங்க. ஸ்ட்ரட்டை முழுசா கழட்டி ஒர்க்‌ஷாப்ல கொடுங்க. சரியான கம்ப்ரஸர் வச்சிருக்கும் ஆள் மாத்திக் கொடுப்பார்.

9/
கண்.

மல்லாந்து படுத்தா துரு நேரா கண்ணுலதான் விழும். இரும்பை இரும்பால் தட்டும்போது தெறிக்கும் துணுக்கு கருவிழியைத் துளைச்சு உள்ளேயே போகலாம். ஆரம்பத்தில் லேசான உறுத்தல்தான் இருக்கும். உள்ளே தங்கின இரும்பு துருப்பிடிச்சு, மெல்லப் பார்வையைக் கெடுக்கும்.

பக்கவாட்டும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி போடுங்க. தட்டும்போது ஏதாவது பட்ட மாதிரி இருந்தா கசக்காதீங்க, துணி முனையால் எடுக்காதீங்க. அன்னிக்கே கண் டாக்டரைப் பாருங்க.

10/
வேலை நிக்கணும்னா சில விஷயம்:

- ஷாக் அப்சார்பரை ரெண்டு பக்கமும் சேர்த்தே மாத்துங்க.
- ஸ்ப்ளிட் பின்னும் நைலான் நட்டும் புதுசு போடுங்க.
- பிரேக் ஹோஸ்ல காலிப்பரைத் தொங்க விடாதீங்க. கம்பியால் கட்டி நிறுத்துங்க.
- லோயர் ஆர்ம் புஷ் போல்ட்டை, சஸ்பென்ஷன் வண்டி எடையைத் தாங்கும் நிலையில்தான் கடைசியா முறுக்கணும். வீல் தொங்கும்போதே முறுக்கினா ரப்பர் எப்பவும் முறுக்கிக்கிட்டே இருந்து சீக்கிரம் கிழியும்.
- முடிஞ்சதும் வீல் அலைன்மென்ட். 50, 100 கிலோமீட்டர் ஓடினதும் வீல் நட்டை மறுபடி பாருங்க.

11/
மீறி யாராவது மாட்டிக்கிட்டா?

நெஞ்சு, கழுத்து, தலைன்னா ஒரு நொடி யோசிக்காதீங்க. இன்னொரு ஜாக்கியோ, அக்கம் பக்கத்து ஆட்களோ, வண்டியைத் தூக்குங்க. ஒருத்தர் 108க்கு அடிக்கட்டும். மூச்சு இல்லைன்னா சிபிஆர் தொடங்குங்க.

கால், கை ரொம்ப நேரமா மாட்டியிருந்தா 108ல் இருப்பவர் சொல்வதைக் கேட்டுச் செய்யுங்க. எத்தனை மணிக்கு மாட்டினார்னு குறிச்சு வைங்க. எங்களுக்கு அந்த நேரம் ரொம்ப முக்கியம்.

12/
"இவ்வளவு எதுக்கு, மெக்கானிக்கிட்ட விட்டா போச்சு"ன்னு சிலர் சொல்வீங்க. நியாயம்தான். ஆனா அங்கே போய் ஒரு நிமிஷம் குனிஞ்சு பாருங்க. அந்த ஒர்க்‌ஷாப்ல வண்டி எதன் மேல நிக்குது? ரெண்டு கல் மேலயா? அடியில் படுத்திருக்கும் தம்பிக்கு வயசு என்ன இருக்கும்?

நம்ம வாசல்ல நமக்கு ஆகாத விஷயம், அந்தத் தம்பிக்கு மட்டும் எப்படி ஆகும்?

லேபர் சார்ஜ்ல நூறு, இருநூறு பேரம் பேசறதுக்கு முன்னாடி, "அண்ணே, ஸ்டாண்டு போட்டு வேலை பாருங்க, நான் காத்திருக்கேன்"னு சொல்லுங்க. வாடிக்கையாளர் கேட்டா மாறும்.

லோயர் ஆர்ம் இன்னிக்கு மாத்தலாம், அடுத்த வாரமும் மாத்தலாம். விலா எலும்புக்கும் சிறுநீரகத்துக்கும் எந்தக் கடையிலும் ஸ்பேர் கிடையாது. ஸ்பேர் லிஸ்ட்ல முதல் வரியா ரெண்டு ஸ்டாண்டுன்னு எழுதிட்டு வேலையை ஆரம்பிங்க.