லந்தும் குசும்பும்



மலருக்குக் கட்டுரை கேட்டு யூனியன் அண்ணன்மார் நடையாய் நடந்தபோது, "சிரிப்பைப் பத்தி எழுதுறேன்ணே" என்றேன். "ஜோக்ஸ் பக்கத்துக்கு ஏற்கெனவே ஆள் இருக்குடா" என்றார்கள். நான் ஜோக் எழுத வரவில்லை. ஒரே தமிழைப் பேசுகிற நாம் ஊருக்கு ஒரு தினுசாய்ச் சிரிக்கிறோமே, அது ஏன்? அதைத்தான் கேட்க வந்திருக்கிறேன்.

போன வருடம் டிரெய்னிங்குக்காகக் கோயம்புத்தூரில் ஒரு பட்டறைக்குப் போயிருந்தேன். இரண்டாம் நாள் லேத்தில் ஜாப்பை மாட்டிவிட்டு, சக் சாவியை எடுக்காமல் அப்படியே விட்டுவிட்டேன். (மெஷின் ஓடியிருந்தால் சாவி பறந்துபோய் யார் மண்டையையாவது பிளந்திருக்கும். முதலாமாண்டுத் தம்பிகள் கவனிக்க!) ஃபோர்மேன் பக்கத்தில் வந்து நின்றார். முகத்தில் கோபமே இல்லை.

"ஏனுங் தம்பி, சாவி அங்கயே இருந்தா தேடுற வேலை மிச்சமுங். உங்க தேனிப் பக்கம் நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்காங்க" என்றார்.

பாராட்டுகிறார் என்று நினைத்து நானும் "தேங்க்ஸ் சார்" என்றேன். பட்டறையே சிரித்தது. எதற்கென்று எனக்கு மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறக்கும்போதுதான் உறைத்தது!

அடுத்த வாரம் என் முறை. கூட வேலை பார்த்த பையன் புதுச்சட்டை போட்டு வந்தான். "என்ன மாப்ள, சோளக்காட்டுப் பொம்மைகிட்ட இருந்து உருவிட்டு வந்தியா?" என்றேன். நம்ம கம்பம் பஸ் ஸ்டாண்டில் இதைச் சொல்லியிருந்தால், "ஆமாடா, உங்கப்பா வேட்டிய அதுக்குக் கட்டிவிட்டுட்டு வந்துட்டேன்" என்று பதில் வந்திருக்கும். இரண்டு பேரும் தோளில் கை போட்டுக்கொண்டு டீ குடிக்கப் போயிருப்போம். அந்தப் பையன் நான்கு நாள் என்னோடு பேசவில்லை.

யோசித்துப் பார்த்தேன். நம்ம ஊர் லந்து முகத்துக்கு நேராக, நாலு பேர் முன்னால், சத்தமாக நடக்கிறது. திட்டினால்தான் நெருக்கம். "வாங்க, உட்காருங்க" என்று மரியாதை கொடுத்தால், "ஏண்டா, எம்மேல ஏதும் கோவமா?" என்று கேட்போம். கோவைக் குசும்பு அப்படியில்லை. மரியாதை முன்னால் வரும், ஊசி அதற்குள் இருக்கும். குத்தியதே தெரியாது. வீட்டுக்குப் போய்ச் சட்டையைக் கழற்றும்போதுதான் வலிக்கும்!

வெள்ளைக்காரர்கள் கதையும் இதே மாதிரிதான். வெள்ளைக்காரர் என்றால் நம் பள்ளத்தாக்குக்கு முதலில் பென்னிகுயிக்தான். 1895-ல் கட்டி முடித்த முல்லைப்பெரியாறு அணையால் இன்றும் நம் வயலில் நெல் விளைகிறது. அவர் எப்படிச் சிரிப்பார் என்று லோயர் கேம்ப் மணிமண்டபத்துச் சிலையைப் பார்த்தால் தெரியவில்லை! ஆனால் அவர் நாட்டுக்காரர்களைப் பற்றிப் பொதுவாய்ச் சொல்வது இதுதான்: முகம் மாறாமல், உள்ளதைக் குறைத்துச் சொல்வார்கள். கொட்டுகிற மழையில் நனைந்துகொண்டே "லேசா ஈரமா இருக்கு" என்பார்கள். அமெரிக்கர்கள் பெரிதாக்கி, வெளிப்படையாய்ச் சொல்லி, தாங்களும் சேர்ந்து சிரிப்பார்கள்.

ஒரு நல்ல உதாரணம் உண்டு. 2001-ல் பி.பி.சி.யில் 'தி ஆஃபீஸ்' என்று ஒரு தொடர் வந்தது. தன்னைப் பெரிய தமாஷ்காரன் என்று நினைத்துக்கொண்டு ஊழியர்களை நெளிய வைக்கும் ஒரு மேனேஜர்தான் கதை. பார்க்கிற நமக்கே கூசும். 2005-ல் அமெரிக்காவில் அதையே எடுத்தபோது, போகப் போக அந்த மேனேஜரை நல்ல மனசுக்காரராக மாற்றிவிட்டார்கள். இங்கிலாந்துக்காரருக்கு அசடு வழிவதே சிரிப்பு. அமெரிக்கருக்குக் கடைசியில் அந்த அசட்டையும் பிடித்துப்போக வேண்டும்.

ஆனால் இந்த ஊர் இப்படி, அந்த ஊர் அப்படி என்று ஒரேயடியாய்க் கோடு போட்டுவிட முடியாது. "கவுண்டமணி உடுமலைப்பேட்டைப் பக்கத்துக்காரர்தானே, அவர் என்ன மெதுவாகவா பேசுகிறார்?" என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயம்தான்! அந்தச் சத்தத்தில் நமக்கும் பங்குண்டு. 1977-ல் '16 வயதினிலே'யில் அவரை ஊரறியச் செய்தவர் நம்ம அல்லிநகரத்து பாரதிராஜா. 1989-ல் 'கரகாட்டக்காரன்' வாழைப்பழக் காமெடியை எடுத்தவர் நம்ம பண்ணைப்புரத்து கங்கை அமரன். கவுண்டமணி யாருக்கும் அடங்க மாட்டார், ஹீரோவையே வாருவார். மதுரைக்காரர் வடிவேலுவோ 1991-ல் 'என் ராசாவின் மனசிலே'யில் அதே கவுண்டமணியிடம் உதை வாங்கிக்கொண்டு வந்தவர். உதார் விடுவது நம்ம பக்கத்து வியாதி. அந்த உதாரை விட்டு, அடி வாங்கி, நம்மைப் பார்த்து நம்மையே சிரிக்க வைத்தார்.

லாரல்–ஹார்டி ஜோடியையும் பாருங்கள். தலையைச் சொறிகிற லாரல் இங்கிலாந்துக்காரர், முறைத்துக்கொண்டே இருக்கும் ஹார்டி அமெரிக்கர். இரண்டு நாடும் சேர்ந்துதான் உலகத்தைச் சிரிக்க வைத்தன.

இன்னொன்றும் கவனித்தேன். வார்த்தைச் சிரிப்பு ஊர் எல்லையில் நின்றுவிடுகிறது, உடம்புச் சிரிப்பு குமுளி மலையையும் தாண்டுகிறது. சித்திக் 1999-ல் மலையாளத்தில் எடுத்த 'ஃப்ரெண்ட்ஸ்' படத்தை 2001-ல் தமிழில் எடுத்தார். தலையில் சுத்தியல் விழுந்தால் அந்தப் பக்கமும் சிரிப்பு, இந்தப் பக்கமும் சிரிப்பு. 2019-ல் அந்த 'கான்ட்ராக்டர் நேசமணி'க்காக உலகமே பிரார்த்தனை செய்ததே, ஞாபகம் இருக்கிறதா?

இவ்வளவு நேரம் சிரிக்கச் சிரிக்க எழுதினேன். இனி எழுதப்போவதுதான் நான் உண்மையில் எழுத வந்தது.

எங்கள் ஹாஸ்டலுக்கு மேகமலைப் பக்கத்திலிருந்து ஒரு பையன் வந்தான். அப்பா, அம்மா தேயிலை பறிப்பவர்கள். கறுப்பாய், ஒல்லியாய் இருப்பான். பேச்சு திக்கும். வந்த வாரமே அவனுக்கு ஒரு சினிமாக் காமெடிப் பெயர் வைத்தோம். அவன் திக்குவதைப் போலவே திக்கிப் பேசிக் காட்டினோம். முதலில் அவனும் சிரித்தான். அப்புறம் எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகே மெஸ்ஸுக்கு வர ஆரம்பித்தான். தீபாவளி லீவுக்குப் போனவன் திரும்பி வரவேயில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருப்பதாகக் கேள்வி. "சும்மா லந்துக்குத்தானே பண்ணோம்" என்று எல்லோரும் சொன்னோம். நானும் சொன்னேன்.

அது லந்தா நண்பர்களே? லந்து என்றால் எதிராளி திருப்பிக் கொடுக்க வேண்டும். அவன் வாயைத் திறந்தால் அதற்கும் சிரித்தோம், பிறகு அவன் எப்படித் திருப்பிக் கொடுப்பான்? கோவை ஃபோர்மேன் என்னைக் கிண்டல் செய்தது நான் திருத்திக்கொள்ளக்கூடிய தப்புக்காக. அன்றிலிருந்து இன்றுவரை நான் சக்கில் சாவியை விட்டதில்லை. நாங்கள் கிண்டல் செய்தது அவன் மாற்றவே முடியாத நாக்கையும் நிறத்தையும். அந்த ஃபோர்மேன் என்னை ஒரு நாள் சிரித்துவிட்டு வேலையைக் கற்றுக்கொடுத்தார். நாங்கள் தினம் தினம் சிரித்து ஒரு டிப்ளமோவைப் பறித்துவிட்டோம்.

1996-ல் ஒரு மருத்துவ மாணவர் ராகிங்கில் உயிரையே இழந்தார். அதையடுத்து 1997-ல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. சட்டம் இருக்கிறது. ஆனால் "சும்மா தமாஷுக்கு" என்ற சொல்லுக்குப் பின்னால் நாம் ஒளிந்துகொண்டால் சட்டத்துக்கு எப்படித் தெரியும்?

நாளைக்கு நாம் ஓசூருக்கும் கோவைக்கும் சென்னைக்கும் வேலைக்குப் போவோம். அங்கே அவர்கள் சிரிப்பு நமக்குப் புரியாது, நம் சிரிப்பு அவர்களுக்குப் புரியாது. பரவாயில்லை, பழகிக்கொள்ளலாம். எந்த ஊருக்குப் போனாலும் ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்வோம். நாம் கிண்டல் பண்ணுகிறவன் நம்மைத் திருப்பிக் கிண்டல் பண்ண முடிகிறதா? முடிந்தால் தாராளமாய் லந்து பண்ணுங்கள், எனக்கும் சொல்லி அனுப்புங்கள், வந்துவிடுகிறேன். முடியாவிட்டால் வாயை மூடிக்கொண்டு, அவனை டீ குடிக்கக் கூட்டிப் போங்கள்.

மேகமலைத் தம்பி, இந்த மலர் எப்படியாவது உன் கைக்கு வந்தால்... மன்னித்துவிடு. அடுத்த வருடமாவது வந்து சேர்ந்துவிடுடா.

– மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவன்