பிரம்புக்கு எட்டாத காயம்



சென்ற ஞாயிறு ஆராதனைக்குப் பின் நம் சபையின் பெரியவர் ஒருவர் என்னிடம் வந்தார். "அந்தப் பையனை இனிமேல் ஓய்வுநாள் பள்ளிக்கு அனுப்ப வேண்டாம்னு அவங்க அம்மாகிட்டச் சொல்லிப்போடுங்க ஐயா. அடியாத மாடு படியாதுங்க" என்றார். அவர் கெட்டவர் அல்லர். சபையில் பலர் மனதில் இருப்பதையே சொன்னார். அதை நான் மறுத்து எழுதுகிறேன்.

அந்தச் சிறுவன் சில ஆண்டுகளுக்குமுன், மொபெட்டின் முன்னால் நின்றபடி பயணம் செய்கையில் சாலையில் விழுந்து தலையில் அடிபட்டவன். கோயம்புத்தூரில் சிகிச்சை பெற்று வீடு திரும்பியபோது ஸ்தோத்திர ஜெபம் நடத்தினோம். நடக்கிறான், பேசுகிறான், வாசிக்கிறான். ஆகவே முழுச் சுகம் என்று சாட்சி சொன்னோம். இன்றோ, பிறர் பேசுகையில் குறுக்கிடுகிறான். கேலியை மெய்யென்று நம்பிச் சண்டைக்குப் போகிறான். துக்க வீட்டில் உரக்கச் சிரிக்கிறான். அவனுக்கு ஒரு நண்பனும் இல்லை. நாம் அதற்கு இட்ட பெயர் திமிர். தாய்க்கு இட்ட பெயர் வளர்க்கத் தெரியாதவள்.

தலை பலமாக மோதும்போது, மூளையின் முன்பகுதியும் பக்கப் பகுதியின் முனையும் மண்டையோட்டின் கரடுமுரடான அடித்தளத்தில் உராய்ந்து நசுங்குவதுண்டு. எழ வந்த சொல்லை அடக்குவதும், எதிரில் இருப்பவரின் முகக்குறிப்பை அறிவதும், பேச்சில் தன் முறைக்காகக் காத்திருப்பதும் பெரும்பாலும் அப்பகுதிகளைச் சார்ந்தவை. நாவு பிழையின்றிப் பேசும். உறவாடும் திறனோ குன்றியிருக்கும். "சின்னப் பிள்ளை, சீக்கிரம் தேறிவிடும்" என்பது அரை உண்மை. மூளையின் முன்பகுதி இருபது வயது கடந்தும் வளர்வது. ஏழு வயதில் பட்ட காயத்தின் விளைவு, உறவுகள் சிக்கலாகும் பதின்மூன்று வயதில் வெளிப்படக்கூடும். அதற்குள் நாம் விபத்தையே மறந்துவிடுகிறோம்.

"அடித்து வளர்த்தால் திருந்துவான்" என்பவர்களுக்கு ஒரு சான்று. அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பதினாறு மாதம் நிறையுமுன்னே மூளையின் முன்பகுதி சேதமுற்ற இருவரைப்பற்றி 1999-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஒருவர் 15 மாதக் குழந்தையாயிருந்தபோது வாகனத்தில் அடிபட்டுச் சில நாட்களில் தேறியவர். மூன்று வயதில், கண்டிப்பும் அடியும் அவரிடம் பலிக்கவில்லை என்பதைப் பெற்றோர் கண்டனர். இருவரும் படித்த பெற்றோரிடம் நல்ல குடும்பத்தில் வளர்ந்தவர்கள். உடன்பிறந்தோர் இயல்பாகவே இருந்தனர். பொதுவான அறிவுத்திறனில் இவர்களுக்குக் குறைவில்லை. தண்டனையிலிருந்து கற்கும் திறனே சிதைந்திருந்தது. தலைக்காயம் எல்லாம் இப்படி முடிவதில்லை. ஆனால் பிரம்பு பலிக்காத பிள்ளைகள் உண்டு. அது வளர்ப்பின் குற்றமன்று.

அப்படியானால் கண்டிப்பே வேண்டாமா? வேண்டும், வேறு விதத்தில். ஒரு நேரத்தில் ஒரு கட்டளை, தினமும் மாறாத ஒழுங்கு, தவறிய அந்தக் கணமே அமைதியான ஒரு குறிப்பு, கேலியாகவோ சாடையாகவோ அன்றி நேராகச் சொல்லும் வார்த்தை. இவை பிரம்பைவிடக் கடினமானவை. நம்மிடம் பொறுமையைக் கேட்பவை.

சட்டமும் இப்பிள்ளைகளைத் தெளிவாகக் காணவில்லை. 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7 ஆக இருந்த குறைபாட்டு வகைகளை, 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 ஆக்கியது. அப்பட்டியலில் தலைக்காயம் என்ற பெயரில் ஒரு வகை இல்லை. சரளமாகப் பேசும் பிள்ளைக்குப் பேச்சுக் குறைபாடு என்று யார் சான்று தருவார்?

மேவிபோசேத்தை நினைவுகூருங்கள். ஐந்து வயதில், தாதி தூக்கிக்கொண்டு ஓடியபோது விழுந்து இரு கால்களும் முடமானான். தாவீது அவனைத் தன் பந்தியில் அமர்த்தினான். அவன் கால்கள் குணமாகட்டும் என்று காத்திருக்கவில்லை. கால் முடம் கண்ணுக்குத் தெரியும். நம் சிறுவனின் முடம் தெரியாததால், அவனைப் பந்தியிலிருந்து எழுப்பிவிடப் பார்க்கிறோம்.

நானும் குற்றமற்றவன் அல்லன். இரண்டு ஆண்டுகளுக்குமுன் கண்ணீரோடு வந்த அந்தத் தாயிடம், இன்னும் கண்டிப்பாக இருக்கும்படி ஆலோசனை சொன்னேன். விபத்தைப்பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. இந்த வாரம் அவள் வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டேன். அவன் ஓய்வுநாள் பள்ளியில் தொடர்வான். முதல் சில வாரங்கள் அவனருகில் நானே அமர்வேன்.

உங்கள் பிள்ளைக்கு எப்போதாவது தலையில் பலத்த அடி பட்டிருந்தால், அதை இன்றைய ஆசிரியரிடமும் மருத்துவரிடமும் சொல்லுங்கள். பேச்சுப் பயிற்சியாளரையும், வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரையும் நாடுங்கள். நான்கு வயதைக் கடந்த எவருக்கும் தலைக்கவசம் கட்டாயம் என்பது சட்டம். நம் ஆலய வாசலிலோ தகப்பனின் தலைக்கவசம் வண்டிக் கண்ணாடியில் தொங்குகிறது; பிள்ளை வெறுந்தலையோடு முன்னால் நிற்கிறது. வரும் ஞாயிறு அந்தக் காட்சியை நான் காணாதிருப்பேனாக.

கர்த்தர் நமக்குக் காணும் கண்களைத் தருவாராக. ஆமென்.