முதல் குழந்தை எதனால் இறந்தது?

கம்பம் பள்ளத்தாக்கில் முல்லைப் பெரியாறு பாய்கிறது. நெல் விளைகிறது. பந்தலில் திராட்சை தொங்குகிறது. செழிப்பான சீமை.

ஆனால் மற்ற ஊர்களைப் போலவே இங்கும் சில வீடுகளைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. "அந்த வீட்டிலே ஆண் பிள்ளை தங்காது" என்பார்கள்.

குழந்தை நன்றாகத்தான் பிறக்கும். இரண்டு மாதம் சிரித்து விளையாடும். பிறகு வாயில் வெள்ளை வெள்ளையாகப் படியும். துடைத்தாலும் போகாது. வயிற்றுப்போக்கு பிடிக்கும். மார்பில் சளி கட்டும். மருந்து கொடுத்தால் நான்கு நாள் நிற்கும். மறுபடியும் வரும். எடை ஏறவே ஏறாது.

"சீர் தட்டிவிட்டது" என்பார்கள் பாட்டிமார்கள். மந்திரிப்பார்கள். தாயத்து கட்டுவார்கள். வீரபாண்டி கௌமாரியம்மனுக்கு நேர்ந்துகொள்வார்கள். ஒரு வயது முடியுமுன் குழந்தை போய்விடும். அடுத்த குழந்தையும் அப்படியே போகும்.

நேர்ந்துகொள்வதில் தவறு இல்லை. அதோடு நின்றுவிடுவதுதான் தவறு.

காவல் இல்லாத உடம்பு

கைக்குழந்தைகள் இறப்பதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் ஒன்று, பிறவியிலேயே நோய் எதிர்ப்பு சக்தி இல்லாமல் இருப்பது. அபூர்வமான நோய்தான். ஆனால் வந்த வீட்டில் திரும்பத் திரும்ப வரும்.

தோட்டத்துக்குக் காவல்காரன் இருப்பதுபோல, ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் இருக்கின்றன. அவற்றில் லிம்போசைட் என்று ஒரு வகை. கிருமியை அடையாளம் கண்டு அழிப்பது இவைதான். இந்தக் குழந்தைகளுக்கு அவை இல்லை. இருந்தாலும் வேலை செய்யாது. தாயின் ரத்தத்தில் இருந்து வந்த பாதுகாப்பு சில மாதங்களுக்குத்தான் தாங்கும். அது குறையும்போது கிருமிகள் புகுந்துவிடுகின்றன.

நோய் பரம்பரையாக வருகிறது. ஒரு வகையில், தாய் நன்றாக இருப்பாள். அவளுக்குப் பிறக்கும் ஆண் குழந்தைகளுக்கு மட்டும் நோய் வரும். அப்படிப்பட்ட குடும்பத்தில் கேட்க வேண்டிய கேள்வி: தாய்மாமன்மாரில் யாராவது கைக்குழந்தையாக இருந்தபோதே இறந்தார்களா?

இன்னொரு வகையில், தாய் தந்தை இருவரிடமும் நோயின் வித்து மறைந்து கிடக்கும். ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு ஆபத்து. அக்காள் மகளைக் கட்டுவதும், அத்தை மகனுக்குக் கொடுப்பதும் நம் பக்கத்து வழக்கம். சொந்தத்தில் கட்டினால் ஒரே வித்து இருவரிடமும் இருக்க வாய்ப்பு அதிகம்.

எப்படி வந்தாலும், இதில் மருமகளைக் குறை சொல்ல ஒன்றுமே இல்லை. ராசி இல்லாதவள் என்று பழிப்பது பாவம்.

பிளாஸ்டிக் கூண்டுக்குள் 12 வருடம்

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் ஒரு தம்பதிக்கு முதல் ஆண் குழந்தை 7 மாதத்தில் இறந்தது. இந்த நோய்தான் என்று டாக்டர்கள் கண்டுபிடித்தார்கள். அதனால் 1971-ல் அடுத்த மகன் டேவிட் வெட்டர் பிறந்த உடனேயே, கிருமி நுழையாத பிளாஸ்டிக் கூண்டுக்குள் வைத்துவிட்டார்கள். தாய்கூட கையுறை வழியாகத்தான் அவனைத் தொட முடிந்தது. 1983-ல் அக்காளின் எலும்பு மஜ்ஜையைச் செலுத்தினார்கள். அதில் மறைந்திருந்த ஒரு வைரஸ் அவன் உயிரைக் குடித்தது. 1984 பிப்ரவரியில், 12 வயதில் இறந்தான்.

இன்று கூண்டு தேவை இல்லை. உடன்பிறந்தவரின் மஜ்ஜை பொருந்தினால் நல்லது. இல்லாவிட்டால் தாய் அல்லது தந்தையின் மஜ்ஜையையும் பக்குவப்படுத்திக் கொடுக்கிறார்கள். கத்தி வைப்பது இல்லை. ரத்தம் ஏற்றுவதுபோல நரம்பில் ஏற்றுகிறார்கள். சென்னையிலும் வேலூரிலும் எலும்பு மஜ்ஜை சிகிச்சை நடக்கிறது.

ஆனால் நாள் முக்கியம். 2000 முதல் 2009 வரை இந்தச் சிகிச்சை பெற்ற 240 குழந்தைகளின் கணக்கு 2014-ல் வெளிவந்தது. மூன்றரை மாதத்துக்குள் சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு 94 பேர் பிழைத்தார்கள். அந்த வயது தாண்டி, கிருமி தாக்கிய நிலையில் சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு 50 பேர்தான்.

ஒரு பெருக்கல் கணக்கு

கண்டுபிடிக்கப் பெரிய எந்திரம் வேண்டுமா? முதல் படிக்கு வேண்டாம். கம்பத்திலும் போடியிலும் சின்னமனூரிலும் சாதாரணமாக எடுக்கிற ரத்தச் சோதனையே போதும்.

மொத்த வெள்ளை அணு 6,000 என்று சீட்டில் இருக்கிறது. லிம்போசைட் நூற்றுக்கு 30 என்று இருக்கிறது. அப்படியானால் லிம்போசைட் 1,800. பெரியவர்களுக்கு இது சரியான அளவு. கைக்குழந்தைக்கு 3,000-க்குக் குறைந்தாலே சந்தேகப்பட வேண்டும். பெரியவர்களின் அளவை வைத்துப் பார்த்து, "ரத்தம் நன்றாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டால் குழந்தையின் கதி என்ன? அதனால் இந்தக் கணக்கைப் போடச் சொல்லி டாக்டரிடம் தயங்காமல் கேட்க வேண்டும்.

சந்தேகம் வந்தால் க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போகலாம். அணுக்களை வகை பிரித்து எண்ணும் அடுத்த சோதனைக்கு அங்கிருந்து வழி கேட்கலாம். செலவு லட்சக்கணக்கில் ஆகும். மத்திய அரசின் 2021-ம் ஆண்டு அரிய நோய்க் கொள்கையில் இந்த நோயும் சேர்க்கப்பட்டிருக்கிறது. அதற்கென்று குறிக்கப்பட்ட மருத்துவமனைகளில் 50 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. நோய் இன்னது என்று தெரிந்தால்தானே அந்த உதவியைக் கேட்க முடியும்?

தடுப்பூசிக்கு முன்பு

பிறந்ததும் போடும் பி.சி.ஜி. ஊசியில் வலுக் குறைந்த உயிர்க்கிருமி இருக்கிறது. மற்ற குழந்தைகளுக்கு அது நன்மை செய்கிறது. யாரும் அதைத் தள்ளிப்போடக் கூடாது. ஆனால் இந்த நோயுள்ள குழந்தையின் உடம்பில் அந்தக் கிருமியே பரவிவிடும். ஆகவே, முன்பு கைக்குழந்தை இறந்த வீட்டார் ஊசி போடுமுன் டாக்டரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும். சொட்டு மருந்துக்கும் அப்படியே.

அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலம் 2008-ல், பிறந்த குழந்தையின் குதிகாலில் ஒரு துளி ரத்தம் எடுத்து இந்த நோயைச் சோதிக்கத் தொடங்கியது. 2018-க்குள் எல்லா மாநிலங்களும் தொடங்கிவிட்டன. இங்கும் வர வேண்டும். எல்லோருக்கும் வரும் வரையில், ஒரு குழந்தையை இழந்த வீடுகளுக்காவது முதலில் செய்யலாம்.

கர்ப்பிணியிடம் முந்தைய பிரசவத்தைப் பற்றி நர்ஸ் கேட்பது வழக்கம்தான். "நல்ல நாளில் அந்தப் பேச்சு எதற்கு?" என்று வீட்டில் பெரியவர்கள் வாயை அடைத்துவிடுகிறார்கள். அடைக்க வேண்டாம். இறந்தது ஆணா பெண்ணா, எத்தனை மாதம், என்ன நோய் என்று சொல்லட்டும். அந்தக் குழந்தையின் துணிமணிகளோடு ஆஸ்பத்திரிச் சீட்டையும் எரித்துவிடாமல், ரேஷன் கார்டு வைக்கும் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்து, அடுத்த பிரசவத்துக்குப் போகும்போது கையோடு கொண்டுபோகட்டும்.