பிறர் இசையும் நம் செவியும்

சென்ற திங்கள் நம் சங்கத்தின் ஆண்டு விழாவைப் பற்றிக் கூடிப் பேசினோம். நாதசுரம் வேண்டும் என்றார் ஒருவர். திரைப்பாடல் வேண்டும் என்றார் மற்றொருவர். "ஒரு மணி நேரம் பியானோ இசைப் பதிவு ஒன்றைக் கேட்போமே" என்றேன் நான். அவை சிரித்தது. "கமகம் இல்லாத இசை என்ன இசை? அது வெறும் தட்டல்!" என்றார் ஒரு நண்பர். "வெளியூரில் வளர்ந்தவர் அல்லவா, அப்படித்தான் கேட்பார்" என்றார் இன்னொருவர். முதற்சொல் என்னைச் சிந்திக்க வைத்தது. இரண்டாம் சொல் இன்னும் உறுத்துகிறது. இரண்டுக்கும் இங்கே விடை கூற விரும்புகிறேன்.

முதல் நண்பர் கூறியதில் பாதி உண்மை. பியானோவின் கட்டையை அழுத்தினால் சுத்தி கம்பியை அடித்துவிட்டு உடனே விலகிவிடும். அதன்பின் அந்த ஒலியை இழைக்கவோ அசைக்கவோ வாசிப்பவரால் முடியாது. அது தேய்ந்து மறையும். இயற்பியல் பயிலும் எனக்கு வியப்பு இங்கேதான் தொடங்குகிறது. எந்தக் கட்டையை எவ்வளவு விரைவாக அழுத்துவது, எந்தச் சுரத்தை முன்னே நிறுத்துவது, எப்போது மிதியைத் தொடுவது என்ற நுட்பத்தினாலேயே, தேயும் ஒலிகளைக் கொண்டு ஒரு கலைஞர் அந்தக் கருவியைப் பாட வைத்துவிடுகிறார். இது வெறும் தட்டலா?

ஐயமிருந்தால் விளாடிமிர் ஹோரோவிட்ஸ் 1986 ஏப்ரல் 20-ஆம் நாள் மாஸ்கோ இசைக்கல்லூரியின் பெரிய அரங்கில் தனித்து வாசித்த நிகழ்ச்சியைப் பாருங்கள். 1903-இல் பிறந்து, கீவ் நகரில் பயின்று, 1925-இல் சோவியத் நாட்டை விட்டு வெளியேறியவர் அவர். 1983-இல் டோக்கியோவில் வாசித்தபோது பிழைகள் மலிந்தன. இனி அவ்வளவுதான் என்று எண்ணியவர் பலர். அவர்தாம் 61 ஆண்டுகளுக்குப் பின், 82 வயதில், மாஸ்கோ மேடையில் வந்து அமர்ந்தார். இறுதிப் பகுதியில் ஷூமனின் 'கனவு' என்ற சிறு உருப்படியை வாசித்தார். இசை பயிலும் சிறுவரும் வாசிக்கக்கூடிய எளிய உருப்படிதான். அவையிலோ கண்கள் கலங்கின.

திரும்பி வந்தவர் எதைக் கொண்டு வந்தார்? ராக்மானினாஃபையும் ஸ்கிரியாபினையும் மட்டுமா? இத்தாலியின் ஸ்கார்லாட்டியையும், ஆஸ்திரியாவின் மோட்சார்ட்டையும், போலந்தின் ஷோப்பனையும் உடன் கொண்டு வந்தார். அரங்கு அவரைத் தன்னவராகவே வரவேற்றது.

என் தந்தை பிழைப்புக்காகத் தஞ்சைப் பக்கத்தை விட்டு மும்பைக்கு வந்தவர். அங்கே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் அம்மாவிடம் நான் தமிழ் எழுதக் கற்றேன். கீழ்வீட்டுச் சிறுமி பியானோ பயிலும் ஒலி அப்போது சன்னல் வழியே வரும். இரண்டும் என் செவியில் சேர்ந்தே வளர்ந்தன. ஒன்றைத் துறந்தால்தான் மற்றொன்று எனக்கு உரியது என்றால், அந்தக் கணக்கு எனக்கு விளங்கவில்லை.

நம் முன்னோரும் அப்படிக் கணக்கிடவில்லை. வயலின் மேலைநாட்டுக் கருவி. பாலுசாமி தீட்சிதர் அதைக் கற்று நம் இசைக்குக் கொண்டு வந்தார். இன்று வயலின் இல்லாத கச்சேரி அரிது. அன்று அவர், அது பிறருடையது என்று செவியை மூடியிருந்தால் நமக்கு எவ்வளவு இழப்பு!

பியானோவைக் கச்சேரி மேடையில் ஏற்றுங்கள் என்று நான் கூறவில்லை. நாதசுரம் இருக்கட்டும், திரைப்பாடலும் இருக்கட்டும். ஒரு மாலை, ஒரு மணி நேரம், அமர்ந்து கேட்போம். கேட்ட பிறகும் 'வெறும் தட்டல்' என்று நண்பர் சொன்னால், அது அவர் சுவை என்று ஏற்றுக்கொள்வேன். கேளாமல் சொல்வதை மட்டும் என்னால் ஏற்க முடியாது.