கடற்கரைக்குப் போகலாமா?



அறிவுரை கூறுவது நம் கடமைகளுள் ஒன்று. ஆனால் பாதியில் நிறுத்திய அறிவுரை எத்தகைய தீங்கைச் செய்யும் என்பதை நம் பங்கின் எளிய குடும்பம் ஒன்று நமக்குக் கற்பித்தது. அதனை இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

2020-ஆம் ஆண்டு வடசென்னை பட்ட பாட்டை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மே மாதத்தில் நகரிலேயே கொரோனா நோயாளிகள் மிகுந்த மண்டலமாக இராயபுரம் இருந்தது. வேறு மாவட்டம் செல்ல இ-பாஸ் வேண்டியிருந்தது. வேளாங்கண்ணித் திருவிழாவும் வெளியூர்த் திருப்பயணிகள் இன்றியே நடந்தேறியது. இந்நிலையில், டிசம்பர் 14 முதல் கடற்கரைகள் மக்களுக்குத் திறக்கப்படும் என்ற செய்தி வந்தபோது நம் பகுதிச் சிறுவர்களின் மகிழ்ச்சிக்கு அளவே இல்லை.

அந்த வாரத்தில், மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கும் தொழிலாளி ஒருவர் நம்மிடம் வந்தார். மனைவி, மூன்று பிள்ளைகள், சர்க்கரை நோயுள்ள வயதான தாய் என ஆறு பேரும் ஒரே அறையில் ஒன்பது மாதம் அடைபட்டுக் கிடந்த குடும்பம் அவருடையது.

“சாமி, பிள்ளைகளின் முகம் வாடிப் போயிருக்கிறது. கிறிஸ்துமஸ் முடிந்ததும் அண்ணன் வீடு, தங்கச்சி வீடு எல்லாருமாக ஒரே வேனில் மகாபலிபுரம் போய் வரலாமா?” என்று கேட்டார்.

“வேண்டாமப்பா. வீட்டில் இருப்பதே பாதுகாப்பு” என்றோம். அவர் மறுபேச்சின்றித் தலையசைத்துச் சென்றார்.

மூன்றாம் நாள் அவருடைய மூத்த மகன், எட்டாம் வகுப்புப் பையன், வீட்டில் சொல்லாமல் தோழர்களோடு திருவொற்றியூர்க் கடலோரம் சென்றிருக்கிறான். கரையில் கொட்டியிருக்கும் கற்களின்மேல் தாவி விளையாடுகையில் பாசி வழுக்கி, இரு பாறைகளின் இடுக்கில் விழுந்தான். கணுக்கால் முறிந்தது. அடுத்த பேரலை வருமுன் அவனைத் தூக்கிக் காத்தவர்கள், அருகில் வலையைச் செப்பனிட்டுக்கொண்டிருந்த மீனவர்கள்.

மாவுக்கட்டோடு வீடு திரும்பிய அவனைக் காணச் சென்றோம். அவன் தாய் நம்மைக் கடிந்து பேசவில்லை. ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: “போகாதே என்று சொன்னீர்கள், சாமி. எப்படிப் போகலாம் என்று சொல்லவில்லையே!”

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. நாம் வாழும் பங்கு இல்லத்தில் நான்கு பக்கமும் சன்னல்கள் உண்டு, மாடி உண்டு, வாசலில் வேப்பமரம் உண்டு. அங்கே அமர்ந்துகொண்டு, பத்துக்குப் பத்து அறையில் வாழ்பவரிடம் “வீட்டில் இருங்கள்” என்றோம். அந்த அறையின் புழுக்கத்தை நாம் எண்ணிப் பார்க்கவில்லை.

நாம் சொன்னதில் பாதி சரி. உறவினர் அனைவரும் சன்னல் மூடிய வேனில் நெருக்கியடித்து இரண்டு மணி நேரம் செல்வது ஆபத்தே. நோயாளி பேசும்போதும் இருமும்போதும் வெளிப்படும் நுண்துளிகள், காற்றோட்டமில்லாத இடத்தில் நெடுநேரம் மிதந்து நிற்கின்றன. உலக நலவாழ்வு நிறுவனமும் 2021-இல் இதனைத் தெளிவாக ஏற்றுக்கொண்டது. ஆனால் கடற்காற்று வீசும் திறந்த வெளியில் அத்துளிகள் விரைவில் சிதறிப் போகின்றன. ஆகவே அஞ்ச வேண்டியது வேனையும் கூட்டத்தையுமே. வெறிச்சோடிய மணல்வெளியை அன்று.

மற்றொன்றையும் நாம் சொல்லத் தவறினோம். அருகில் இருக்கும் கடல் எல்லாம் பிள்ளைகள் விளையாடத்தக்க கடல் ஆகிவிடாது. நம் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1870-களில் துறைமுகத்திற்குச் சுவர் எழுப்பத் தொடங்கியதும் அந்த மணல் தடைப்பட்டது. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே இராயபுரம் முதல் எண்ணூர் வரை கடல் நிலத்தை அரித்தது. எஞ்சிய நிலத்தைக் காக்கவே கற்களைக் கொட்டினார்கள். அவை அலையைத் தடுப்பதற்கென்று போடப்பட்டவை, சிறுவர் கால் வைப்பதற்கென்று அல்ல. எண்ணூர் முகத்துவாரமோ தொழிற்சாலைக் கழிவைச் சுமக்கிறது. 2017 ஜனவரியில் எண்ணூருக்கு அப்பால் இரு கப்பல்கள் மோதிக் கடலில் எண்ணெய் பரவியது. 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது முகத்துவாரத்திலேயே எண்ணெய் கலந்தது. அந்நீரில் பிள்ளைகளை இறக்குவது முறையன்று.

பையனின் கால் குணமானதும், 2021 பிப்ரவரியில், அக்குடும்பத்தோடு அமர்ந்து ஒரு திட்டம் வகுத்தோம். உறவினர் இல்லை, ஒரே வீட்டார் ஆறு பேர் மட்டும். ஞாயிறு வேண்டாம், வேலை நாள். மாலை வேண்டாம், விடியற்காலை. கூட்டமில்லாத முதல் பேருந்தில், சன்னல்களைத் திறந்து வைத்து, முகக்கவசம் அணிந்து மெரினா சென்றார்கள். கடைகளில் நெருங்கி நிற்க நேராதபடி இட்லியும் தண்ணீரும் வீட்டிலிருந்தே எடுத்துச் சென்றார்கள். மெரினாவில் கடலில் இறங்கிக் குளிப்பது எந்நாளிலும் உயிருக்கு ஆபத்து. ஆதலால் ஈரமணலுக்கு முன்பே தாய் காலால் ஒரு கோடு கிழித்தார். அதற்கப்பால் பிள்ளைகள் போகலாகாது. தந்தையின் கண்கள் கைப்பேசியில் இல்லை, பிள்ளைகள்மேல் இருந்தன. ஆண்டுதோறும் வேளாங்கண்ணிக் கடலைக் கண்டுவந்த பாட்டி, அவ்வாண்டு முதன்முறையாகக் கடலைப் பார்த்து அமர்ந்திருந்தார். எட்டரை மணிக்கெல்லாம் வீடு திரும்பிவிட்டார்கள். செலவு பேருந்துக் கட்டணம் மட்டுமே.

ஏப்ரல் 11 முதல் சனி, ஞாயிறுகளிலும் விடுமுறை நாள்களிலும் கடற்கரைகள் மூடப்பட்டன. 20-ஆம் நாள் முதல் எல்லா நாள்களிலும் தடை வந்தது. அப்போது அவர்கள் மறுபேச்சின்றி வீட்டில் இருந்தார்கள். திறந்திருந்தபோது முறையோடு அனுபவித்தவர்களுக்கு, மூடியபோது பொறுத்திருப்பது கடினமாக இல்லை. தடை உள்ள நாளில் அதனை மீறுவது நம் வீட்டை மட்டுமன்று, அடுத்த வீட்டு முதியவரையும் வருத்தும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள்.

பெற்றோரே, பெருந்தொற்றுக் காலம் கடந்துவிட்டது. எனினும் புயலோ, வெள்ளமோ, வேறு நோயோ வந்து பிள்ளைகளை வீட்டில் அடைக்கும் நாள் இனியும் வரக்கூடும். அன்று ‘கூடாது’ என்ற சொல்லோடு நிறுத்தாதீர்கள். எது கூடாது, ஏன் கூடாது, எது கூடும், எப்போது கூடும் என்று சேர்த்துச் சொல்லுங்கள். வாசலை அடைத்தால் பிள்ளை சுவரேறிக் குதிப்பான். வழியைக் காட்டினால் உங்களோடு நடந்து வருவான்.

அந்தப் பையன் இப்பொழுது இளைஞன். திருப்பலிக்கு வரும்போது இடது காலைச் சற்றே சாய்த்து நடக்கிறான். அவனைக் காணும்போதெல்லாம், நாம் சொல்லாமல் விட்ட மறுபாதி நம் நினைவுக்கு வருகிறது.

இறைவன் உங்கள் இல்லங்களைக் காப்பாராக!