பட்டி பார்க்கும் முன்



புது வண்டியில் முதல் கீறல் விழுந்த அன்று அந்த வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது. வண்டி இல்லாதவர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கலாம். வைத்திருப்பவர்கள் சிரிக்க மாட்டார்கள். யார் போட்ட கோடு என்ற விசாரணை வாட்ச்மேனில் தொடங்கும். பால் பாக்கெட் போடும் பையன், மாடி வீட்டுக்காரரின் ஸ்கூட்டர், எதிர்வீட்டுப் பிள்ளைகளின் கிரிக்கெட் மட்டை என்று தெருவைச் சுற்றிவிட்டு, கடைசியில் "நீதான அன்னிக்கு மார்க்கெட் சந்துக்குள்ள விட்ட" என்று வீட்டுக்குள்ளேயே வந்து நிற்கும். அப்புறம் இரண்டு நாளைக்கு அந்த வீட்டில் டி.வி. மட்டும்தான் பேசும்.

கோவையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். பணி ஓய்வில் வந்த பணத்தில் அவரே தேடிப் பிடித்து வாங்கிய சின்ன கார். ஓட்டக் கற்றுக்கொண்டதும் அதில்தான். கல்யாண மண்டபத்து நிறுத்தத்தில் யாரோ உரசிவிட்டுப் போய்விட்டார்கள். இடதுபுறப் பின்கதவில் ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளைக் கோடு, அதற்குக் கீழே சின்னதாக ஒரு ஒடுக்கு. "கதவை முழுசா பெயிண்ட் அடிச்சிடலாம்மா, புதுசாகிடும் என்கிறான் மகன். எனக்கு மனசு வரவில்லை. என்ன செய்யட்டும்?" என்று கேட்கிறார்.

அம்மா, உங்கள் மனசு சொல்வதுதான் சரி. அடிக்காதீர்கள். குறைந்தபட்சம், நான் சொல்லப்போவதைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

தொழிற்சாலையில் ஒரு காருக்கு எப்படிப் பெயிண்ட் ஏறுகிறது என்று தெரிந்தால் இந்த ஆலோசனையின் காரணம் புரியும். வெறும் தகடாக இருக்கும் வண்டியின் கூட்டைப் பெரிய தொட்டியில் முக்கி, மின்சாரம் பாய்ச்சி, இண்டு இடுக்கெல்லாம் துருத்தடுப்புப் பூச்சு ஏற்றுகிறார்கள். அதன்மேல் பிரைமர். அதன்மேல் நிறம் தருகிற பேஸ் கோட். எல்லாவற்றுக்கும் மேலே, நிறமே இல்லாமல் மினுக்கு மட்டும் தருகிற கிளியர் கோட். இத்தனையும் சேர்ந்து பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் கனம்தான் வரும். இரண்டு தலைமுடியை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் எவ்வளவோ அவ்வளவு. அதிலும் கிளியர் கோட்டின் பங்கு 40, 50 மைக்ரான்.

இந்தப் பூச்சுகளை அடுப்பில் வைத்து வேகவைக்கிறார்கள். துருத்தடுப்புப் பூச்சுக்கு 170 டிகிரி செல்சியசுக்கு மேலும்கூடப் போகும். மேல்பூச்சுக்கு 140 டிகிரி அளவில். அந்த நேரத்தில் வண்டிக்குள் சீட் கிடையாது, வயர் கிடையாது, ரப்பர் கிடையாது. அதனால் அந்தச் சூட்டைத் தாங்குகிறது. பட்டறைக்கு வருகிற வண்டியில் இவை எல்லாமே இருக்கின்றன. ஆகவே எவ்வளவு நல்ல பெயிண்ட் பூத் ஆனாலும் 60, 80 டிகிரிக்கு மேல் போக முடியாது. அங்கே அடிப்பது ஹார்ட்னர் கலந்து காயவைக்கிற வேறு வகைப் பெயிண்ட். நல்ல கைகாரர் அடித்தால் அதுவும் பளபளக்கும், பல வருஷம் நிற்கும். குறை சொல்லவில்லை. ஆனால் தொழிற்சாலையில் வெந்த பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டால் அது திரும்பி வராது.

சென்னை புதுப்பேட்டைப் பக்கம் ஒரு பட்டறையில், எல்லாரும் பாய் என்று கூப்பிடுகிற பெயின்டர் ஒருவர் இருக்கிறார். வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால் முதலில் ஒரு மக்கில் தண்ணீர் எடுப்பார். துணியை நனைத்துக் கீறலின்மேல் ஒரு இழுப்பு. குந்தி உட்கார்ந்து பார்ப்பார். ஈரம் இருக்கிறவரை கோடு காணாமல் போகும், காயக் காயத் திரும்பி வரும்.

"தண்ணியில மறைஞ்சா மேல் கோட்டு சார். காம்பவுண்டு போதும். நகத்த வெச்சு இழுங்க, தட்டுதா?"

"தட்டலை பாய்."

"அப்ப எதுக்குப் பயப்படுறீங்க?"

பக்கத்திலேயே தடிப்பாக ஒரு வெள்ளைத் தீற்றல். அதைப் பார்த்துச் சிரித்தார். "இது உங்க வண்டி பெயிண்டே இல்ல சார். இடிச்சவன் பெயிண்டு." மண்ணெண்ணெய் தொட்ட துணியால் அமுக்காமல் துடைத்தார். முக்கால்வாசி போய்விட்டது. நமக்குக் காயம் என்று நினைத்தது பாதிக்குமேல் அடுத்தவர் விட்டுப்போன சாயம். ஆசிரியையின் கதவில் இருக்கிற அந்த வெள்ளைக் கோட்டுக்கும் இதே கதையாக இருக்கலாம் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

பாயிடம், முழுக் கதவையும் அடிக்கச் சொல்லி வருகிறவர்கள் உண்டா என்று கேட்டேன். "தெனமும். அடிச்சா எனக்குக் காசுதான். ஆனா ஒரு கதவ அடிச்சா பக்கத்துக் கதவு பழசாத் தெரியும் சார். அதையும் அடிப்பீங்க. அப்புறம் பெண்டர். முடிஞ்சுபோச்சு."

இதில் மிகை இல்லை. கதவு ஓரத்திலோ பானட்டுக்குக் கீழேயோ ஸ்டிக்கரில் இருக்கிற நிறக் குறியீட்டைப் பார்த்து, அதே குறியீட்டில் பெயிண்ட் கலந்தாலும் நிறம் அப்படியே ஒத்துப்போவதில்லை. ஒன்று, உங்கள் வண்டி இத்தனை நாள் வெயிலில் நின்றிருக்கிறது. இன்னொன்று, மெட்டாலிக் பெயிண்டில் அலுமினியத் துகள்கள் இருக்கின்றன. ஸ்ப்ரே கன் எவ்வளவு தூரத்தில் இருந்தது, காற்றழுத்தம் எவ்வளவு, பூச்சு எவ்வளவு ஈரமாக விழுந்தது என்பதைப் பொறுத்து அந்தத் துகள்கள் படுக்கும் விதம் மாறும். அதற்கேற்ப வெளிச்சமும் வேறு மாதிரி தெறிக்கும். நேராகப் பார்த்தால் ஒன்றாக இருக்கும்; சாய்ந்த மாலை வெயிலில் ஒரு கதவு மட்டும் தனியாகத் தெரியும். சில்வர் நிறம் இந்த விஷயத்தில் பெயின்டர்களின் பொறுமையைச் சோதிக்கும். பேர்ல் வெள்ளை அதைவிட மோசம். சாதா வெள்ளை வைத்திருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

காம்பவுண்டு, அதாவது தேய்த்து மினுக்கும் பசை, போதும் என்றவுடன் அதையும் அள்ளித் தேய்த்துவிடாதீர்கள். கீறலை அது நிரப்புவதில்லை. சுற்றியிருக்கிற பூச்சைத் தேய்த்துக் கீறலின் மட்டத்துக்கு இறக்குகிறது, அவ்வளவே. ஒவ்வொரு சர்வீஸிலும் மெஷின் பாலிஷ் கேட்பவர்கள் அந்த 40 மைக்ரானைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழிக்கிறார்கள். வெயிலைத் தடுப்பதும் அந்த அடுக்குதான். பற்பசை வைத்தியம் பலர் வீட்டில் நடக்கிறது. அதுவும் ஒருவகை நைஸ் காம்பவுண்டுதான்; லேசான கோடு மங்கும், இடமும் மங்கும். தேங்காய் எண்ணெய் அடுத்த மழைவரை மறைக்கும். வண்டியை விற்கப் போகிறவர்களுக்கு மட்டும் பயன்படுகிற வைத்தியம் அது.

இடித்தவர்களைத் திட்டுகிறோம். ஆனால் வண்டிகளில் இருக்கிற கீறல்களில் பெரும்பங்கு தினமும் காலையில் உலர்ந்த துணியால் தூசி தட்டுவதில் வருவது. வெயிலில் பானட்டைப் பார்த்தால் சிலந்திவலை மாதிரி வட்ட வட்டமாகக் கோடுகள் தெரிகிறதே, அது மணல் துகளைத் துணியில் வைத்து நாமே தேய்த்தது. வண்டி துடைக்கிற தம்பிக்கு இன்னொரு பக்கெட் தண்ணீர் கொடுத்தால் பாதிப் பிரச்சினை தீரும். ஆனால் லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும் தெருக்களில் குடியிருப்பவர்களிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர்கள் தூசியைத் தூசியாகவே விட்டுவிடலாம். தூசி கீறாது, துடைப்பதுதான் கீறும்.

பம்பர் விஷயத்தில் எனக்கு ஒரு பழைய ஆதங்கம் உண்டு. அம்பாசிடரில் முன்னும் பின்னும் குரோம் பூசிய இரும்பு பம்பர். இடி வாங்குவதற்கென்றே வைத்தது. வாங்கும், நெளியும், வண்டி போய்க்கொண்டே இருக்கும். இன்றைய பம்பரில் மேலே தெரிவது வெறும் பிளாஸ்டிக் உறை; அதற்கு உடம்பின் நிறத்தையே பூசிவிட்டார்கள். அடி வாங்க வேண்டிய இடத்துக்கு அலங்காரம் செய்துவிட்டு, அடிபட்டதும் அழுகிறோம். பம்பர் மூலையில் விழும் உரசலுக்கு நான் ஒரு பைசா செலவழிக்க மாட்டேன். பிளாஸ்டிக் துருப்பிடிக்காது. அடித்தே தீரவேண்டும் என்றால் சென்சார், ரேடார் இருக்கிற பகுதியில் பட்டி கனமாக ஏறாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். அவற்றின் வேலையை அது கெடுக்கலாம்.

ஆசிரியையின் கதவில் இருக்கிற அந்தச் சின்ன ஒடுக்குக்கு வருகிறேன். பெயிண்ட் வெடிக்காமல் தகடு மட்டும் உள்வாங்கியிருந்தால், பின்பக்கமாக வளைந்த கம்பிகளை நுழைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளி எடுக்கிறவர்கள் இப்போது பெரிய ஊர்களில் கிடைக்கிறார்கள். கை நுழையாத இடத்தில் பசை போட்டு வெளியிலிருந்தே இழுப்பார்கள். பட்டி இல்லை, பெயிண்ட் இல்லை. பக்கவாட்டில் ஒரு விளக்கை வைத்து, தகட்டில் விழும் அதன் நிழல்கோடு நேராகும்வரை தட்டுகிற அந்த வேலையை உட்கார்ந்து பார்ப்பதே ஒரு சுகம். கதவின் மடிப்புக்கோட்டிலேயே அடி விழுந்திருந்தால் கஷ்டம். ஆழமில்லாத ஒடுக்கென்றால் பெரும்பாலும் வந்துவிடும். கோவையில் தேடிப் பாருங்கள் அம்மா.

அவசரப்பட வேண்டிய இடம் ஒன்றுதான். தகடு வெளியே தெரிந்தால் நாளைக் கடத்தாதீர்கள். குறிப்பாகப் பெசன்ட் நகர், தூத்துக்குடி, நாகப்பட்டினம் என்று கடற்காற்றில் வண்டி நிறுத்துகிறவர்கள். உப்பு ஈரம் பட்டால் துரு பெயிண்டுக்கு அடியிலேயே ஊர்ந்து, ஒரு நாள் கொப்புளமாக எழும்பும். டச்-அப் பெயிண்டைச் சின்ன பிரஷால் தொட்டு வைத்தால் போதும். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். இருக்கட்டும்.

"இன்சூரன்ஸ்தான் இருக்கே, கிளெய்ம் போடு" என்பார்கள். கொஞ்சம் பென்சில் எடுத்துக் கணக்குப் போடுங்கள். ஐந்து வருஷம் கிளெய்ம் இல்லாமல் ஓட்டினால் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 50 சதவீதம் நோ கிளெய்ம் போனஸ் கழியும். ஒரே ஒரு கிளெய்ம் போட்டால் அடுத்த புதுப்பிப்பில் அது பூஜ்யம். அதன்பின் 20, 25, 35, 45 என்று படியேறித்தான் மறுபடி 50க்கு வரவேண்டும். அந்தப் பிரீமியம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், முதல் வருஷம் 5,000, அடுத்து 3,000, 2,500, 1,500, 500. ஆக மொத்தம் 12,500 ரூபாய் கைவிட்டுப் போகிறது. நீங்கள் கட்டாயமாகத் தரவேண்டிய பங்கு, பெயிண்ட் பொருளுக்கான தேய்மானக் கழிவு எல்லாம் தனி. ஒரு கதவின் உரசலுக்கு இது கட்டுமா? போனஸ் பாதுகாப்பு என்று தனியாகப் பணம் கட்டி வாங்கியவர்களுக்கு மட்டும் கணக்கு மாறும்.

பழைய பூச்சை அப்படியே விடுவது பற்றி இன்னொன்று. முதல் மாருதி 800 பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1983 டிசம்பர் 14 அன்று டில்லியைச் சேர்ந்த ஹர்பால் சிங்கிடம் அதன் சாவியைக் கொடுத்தவர் பிரதமர் இந்திரா காந்தி. 2010இல் மறையும்வரை ஹர்பால் சிங் அந்த வண்டியை விற்கவே இல்லை. அதற்குப் பிறகு வெயிலிலும் மழையிலும் நின்று துருவேறிப்போன அதன் படங்கள் பத்திரிகைகளில் வந்து பலரை வருத்தப்படவைத்தன. இன்று அது சீரமைக்கப்பட்டு மாருதி சுசுகி தலைமையகத்தில் புத்தம் புதிதாக நிற்கிறது. அழியாமல் காப்பாற்றினார்கள், நல்லது. எனக்கென்னவோ, துரு போனதோடு ஹர்பால் சிங் ஓட்டிய இருபத்தேழு வருஷத்தின் கோடுகளும் போயிருக்குமே என்றிருக்கிறது. பழைய கார்களைச் சேகரிப்பவர்களும் இப்போது அப்படித்தான் பார்க்கிறார்கள். மங்கிப்போயிருந்தாலும் முதல் பெயிண்டோடு இருக்கிற வண்டிக்கு அவர்களிடம் தனி மதிப்பு.

உங்கள் காரை யாரும் காட்சிக்கு வைக்கப்போவதில்லை அம்மா. ஆனாலும் அந்தக் கதவு, நீங்கள் வாங்கிய கதவு. துடைத்துப் பாருங்கள், ஒடுக்கை எடுங்கள், மிச்சம் இருப்பதோடு ஓட்டுங்கள். மகனுக்கு நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

ஆயுத பூஜை நாளுக்கும் ஒரு வார்த்தை. வண்டிக்கு வைக்கிற சந்தனத்தையும் குங்குமத்தையும் அன்று மாலையே ஈரத்துணியால் எடுத்துவிடுங்கள். சாமி கோபித்துக்கொள்ளாது. வாரக்கணக்கில் விட்டால் வெள்ளை வண்டியில் சிவப்புக் கறை தங்கிவிடும். காய்ந்த சந்தனத்தைச் சுரண்டினால் அதுவே கோடு போடும். முன்னால் கட்டுகிற வாழைக்கன்றின் சாறும் கறைதான். அது ஆடி ஆடி உரசாதபடி இறுக்கிக் கட்டுங்கள். எலுமிச்சம்பழத்தை நசுக்க வண்டியை எடுக்கும்போது, பக்கத்துக் கடைக்காரர் நடுரோட்டில் உடைத்த பூசணிக்காயில் சக்கரம் வழுக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்