பாதிப் பாடம் போதாது

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்கும் தொழிலாளியின் மகனும், திருவள்ளூர் வட்டாரத்தில் நாற்று நடும் பெண்ணின் மகளும் இன்று கல்லூரிப் படிப்பை முடித்து வெளிவருகிறார்கள். வணிக நிர்வாகமோ, பொறியியலோ, எது படித்திருந்தாலும் வேலை கேட்டுப் போகுமிடத்தில் அவர்களிடம் ஒரு கேள்வி எழுகிறது: "மற்றவர்களோடு சேர்ந்து வேலை செய்யத் தெரியுமா?"

இதற்கென்றே 'ஸ்தாபன நடத்தை' என்று ஒரு பாடம் உண்டு. கூட்டாக வேலை செய்வது, பிறர் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்பது, தகராறு தீர்ப்பது, தலைமை தாங்குவது ஆகியவை இதில் அடக்கம். 2022 மார்ச் 1-ல் துவக்கப்பட்ட 'நான் முதல்வன்' திட்டமும் திறன் பயிற்சியைக் கல்லூரிகளுக்குக் கொண்டுவந்தது.

இந்தப் பயிற்சி வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. குடும்பத்தில் முதன்முதலாகப் படித்த பிள்ளை, அதிகாரி முன் நிமிர்ந்து நின்று பேசக் கற்பது நல்ல காரியம். ஆனால் ஒத்துழைப்பு என்றால் வாய்மூடிக் கிடப்பது என்று கற்பித்தால், அது பாதிப் பாடமே.

இந்தச் சாஸ்திரம் எங்கே வளர்ந்தது? அமெரிக்காவில், சிகாகோ நகருக்கு அருகே டெலிபோன் கருவிகள் செய்த ஹாதார்ன் ஆலையில். 1924 முதல் 1932 வரை அங்கே தொழிலாளர்களை வைத்துப் பரிசோதனைகள் நடந்தன. ஓர் அறையில் 14 பேரைக் கவனித்தார்கள். நாளொன்றுக்கு இவ்வளவுதான் வேலை என்று அவர்கள் தங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார்கள். அதிகம் செய்தால் ரேட்டை வெட்டுவார்கள், ஆளைக் குறைப்பார்கள் என்ற அச்சமே காரணம். பேராசிரியர்கள் இதை உணர்ச்சி விவகாரம் என்றார்கள். தொழிலாளிக்கோ இது வயிற்றுக் கணக்கு! 1932-ல் நெருக்கடி முற்றி வேலை குறைந்தபோது அந்தப் பரிசோதனையே நின்றுபோயிற்று.

இதே பாடத்தின் மறுபாதி நம் ஊரிலேயே இருக்கிறது. திருவள்ளூர் ரயில் செல்லும் வழியிலுள்ள பெரம்பூரில், 1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. சாப்பாட்டு இடைவேளை போதவில்லை என்பது பஞ்சாலைத் தொழிலாளர்களின் குறைகளில் ஒன்று. குறையைக் கேட்டார்கள், கோரிக்கையாக்கினார்கள், வாடியாவைத் தலைவராக்கினார்கள். கல்லூரி வாசலையே மிதிக்காதவர்களுக்கு இது ஸ்தாபன நடத்தை இல்லையா?

அண்டை மாவட்டத்தில், சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில், 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாட்கள் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சங்க அங்கீகாரம் அவர்களது முக்கியக் கோரிக்கை. 2025 ஜனவரியில் சங்கம் பதிவாயிற்று. கட்டுப்பாடு, பொறுமை, பேச்சுவார்த்தை என்று பாடப்புத்தகம் சொல்லும் குணங்கள் அத்தனையும் அங்கே தேவைப்பட்டன.

படித்து வரும் வாலிபர்களே! நாளை நீங்கள் சூப்பர்வைசர் ஆகலாம். உங்கள் கீழ் வேலை செய்யும் ஒப்பந்தத் தொழிலாளியும், பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவரும் உங்கள் குழுதான். அவர்கள் குறையைக் கேட்கும் காது உங்களுக்கு வேண்டும். அதை மேலே எடுத்துச் சொல்லும் நாக்கும் வேண்டும். சங்கம் அமைப்பது அரசியல் சட்டம் தந்த உரிமை என்ற அறிவும் வேண்டும்.

பெற்றோர்களே! பிள்ளை கல்லூரியில் கற்றதைக் கேளுங்கள். நீங்கள் ஆலை வாசலிலும் வயல் வரப்பிலும் கற்றதையும் சொல்லிக் கொடுங்கள். இரண்டும் சேர்ந்தால்தான் பாடம் முழுமை பெறும்.